ஆசகேல் டார்பாக்ஸும் நடுக் கல்லும்

ஆசகேல் டார்பாக்ஸ் ஜனவரியில் இறந்தார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜனவரியில் செத்தவர்களுக்கு மே மாதம்தான் குழி. மண் அப்படி இறுகிக் கிடக்கும். கடப்பாரை போட்டால் கடப்பாரைதான் வளையும். அதுவரை பெட்டி இடுகாட்டு ஓரத்துக் கல் அறையில், அந்தக் குளிர்காலத்து மற்ற பெட்டிகளோடு காத்திருக்கும்.

மகன் ஜோதம் மேற்கே புது ரயில் பாதை போடும் கும்பலில் நில அளவைப் பொறியாளன். தந்தி அவனைத் தேடிப் பிடிக்கவே நாளாயிற்று. ரயிலிலும் பனிச்சறுக்கு வண்டியிலுமாக அவன் கோல்பர்ன் ஊருக்கு வந்து சேர்ந்தபோது பிப்ரவரி முடிகிற சமயம்.

கல் அறையைத் திறந்துவிட்டவர் ஹைரம் கிரிண்டில். அப்பாவின் ஐஸ் கிடங்கில் ஆரம்பத்திலிருந்து மேஸ்திரி.

"வாழ்நாள் பூரா ஐஸ் வித்தாரு. இப்ப ஐஸ்லயே இருக்காரு. உருகாம பாத்துக்கறேன்," என்றார் ஹைரம். அவர் ஆறுதல் சொல்லும் முறை அது.

ஜோதம் கையுறையைக் கழற்றிப் பெட்டியின் மூடியில் கை வைத்தான். ஆணித் தலையில் தோல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தான். அழுகை வரவில்லை. பெட்டி மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தான்.

வெளியே பக்கத்து ஊர் டன்மோரின் நிர்வாகி, கேப்டன் எல்பிரிட்ஜ் வோஸ் காத்திருந்தார். கடலை விட்டு எத்தனையோ காலமாகியும் கப்பல் தளத்தில் நிற்பதுபோலக் காலை அகட்டித்தான் நிற்பார். தொப்பியை எடுத்து வருத்தம் சொன்னார். தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு மீதியைச் சொன்னார்.

"இதைச் சொல்ற இடம் இது இல்லை, தம்பி. ஆனா உங்க ஊர்க்கூட்டத்துக்கு முன்னாடி சொல்லியாகணும். உங்க அப்பா எல்லைக் கல்லை நகர்த்திட்டாரு."

கோல்பர்னுக்கும் டன்மோருக்கும் நடுவே எல்லையில் மூன்று கற்கள். வடக்கே குன்றின் மேல் ஒன்று, தெற்கே ஆற்றோரம் ஒன்று, காட்டுக்குள் நடுவில் ஒன்று. சில வருஷங்களுக்கு ஒரு தடவை இரண்டு ஊர் நிர்வாகிகளும் சேர்ந்து எல்லையை நடந்து பார்த்து, ஒவ்வொரு கல்லிலும் தங்கள் ஊரின் முதல் எழுத்தையும் வருஷத்தையும் உளியால் கொத்திவிட்டு வர வேண்டும். சட்டம் அது. போன செப்டம்பரில் நடந்தார்கள். அந்தத் தடவை நடைக்கு ஒரு காரணமும் இருந்தது. நடுக் கல் பக்கத்தில் கெசையா மெரோ என்ற விதவையின் குடிசை. அவள் புருஷன் விறகுவெட்டி. கோல்பர்ன் வரிக்காரன் வந்தால் நான் டன்மோர் என்பான், டன்மோர்க்காரன் வந்தால் நான் கோல்பர்ன் என்பான். இரண்டு பேருக்கும் கொடுக்காமலே செத்துப்போனான். அவளுக்குக் கால் வீங்கி, அடுப்புக்கு விறகும் தீர்ந்தபோது இரண்டு ஊரும் அதே பதிலை, நீ அடுத்த ஊர் என்று, அவளுக்குச் சொன்னது. கதியற்றவர்களை அவர்கள் குடியிருந்த ஊர்தான் தாங்க வேண்டும். எந்த ஊர் என்பதைக் கல் சொல்லும் என்று விட்டார்கள்.

கல் குடிசைக்கு மேற்கே நின்றது. கோல்பர்ன் மேற்கு, டன்மோர் கிழக்கு. ஆகவே குடிசை டன்மோரில். வோஸ் தன் கையாலேயே அந்தக் கல்லில் டன்மோரின் எழுத்தைக் கொத்தினார். கெசையாவை, கதியற்றவர்களை ஊர்ச் செலவில் வைத்துக்கொள்ளும் டன்மோரின் ஏழைப் பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். இந்தக் குளிர்காலத்தில் விறகுக்காரர்கள் அந்தக் காட்டை வெட்டி வெளியாக்கினார்கள். இப்போது குன்றுக் கல்லிலிருந்து பார்த்தால் ஆற்றுக் கல் தெரிகிறது. நடுக் கல் அந்தக் கோட்டில் இல்லை.

"நாங்க கல்லைப் பார்த்தோம், கோட்டைப் பார்க்கலை," என்றார் வோஸ். "மரம் மறைச்சிருந்துச்சு. உங்க அப்பா கொண்டுவந்த ஆப்பிள் சைடரும் நல்லா இருந்துச்சு. நீங்க அளவைக்காரர். நீங்களே அளந்து உங்க ஊர்க்கூட்டத்துல சொல்லுங்க. உங்களை நம்பறேன்னு அர்த்தமில்லை. தப்பா சொன்னா வேற ஆளைக் கூட்டிட்டு வருவேன்."

ஜோதம் சரி என்றான். அப்பா அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் அவனை உறுத்தியது. வயதான ஒருத்தியை வரி மிச்சம் பிடிக்க ஊருக்கு வெளியே தள்ளியவரா தன் அப்பா? மே மாதம் குழியில் இறக்கும் முன் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சந்தேகப்பட அவனுக்குப் பழக்கம் இருந்தது. ஆசகேலின் வாழ்க்கையே அப்படி.

ஆசகேல் பிறந்த வருஷத்திலேயே அவர் அப்பா ஆற்றில் மரம் மிதக்க விடும்போது மூழ்கிப் போனார். அம்மா சில வருஷம் தாக்குப்பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். கோல்பர்னில் கதியற்றவர்களை வருஷத்துக்கு ஒரு தடவை மார்ச் கூட்டத்தில் ஏலம் விடுவார்கள். ஊர் நிதியிலிருந்து யார் குறைச்சலாகப் பணம் கேட்கிறாரோ அவர் வீட்டுக்கு அந்த ஆள் போக வேண்டும். சோறு போட்டு வேலை வாங்கிக்கொள்ளலாம். சிறுவன் ஆசகேலைக் குறைச்சலாகக் கேட்டவர் சர்ச்சுப் பெரியவரான டீக்கன் லன்ட். அவர் மகள்தான் கெசையா. ஆசகேல் படுத்தது அவர்கள் வீட்டை ஒட்டிய விறகுக் கொட்டகையில். அதனால் ஊர் இப்போது இரண்டாவது கதையும் கட்டியிருந்தது: வரிக்காக இல்லை, பழி வாங்க.

வளர்ந்ததும் யாரும் சீண்டாத ஒரு குளத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கினார். மீன் இல்லாத குளம். குளிர்காலத்தில் அதிலிருந்து கண்ணாடி மாதிரி ஐஸ் வரும் என்பதை அவர் மட்டும் பார்த்திருந்தார். மர ஆலையில் வீணாகக் கிடந்த மரத்தூளை அள்ளிக்கொண்டு போய், ஐஸ் உருகாமலிருக்கக் கிடங்கின் இரட்டைச் சுவர் நடுவே நிரப்பினார். பாஸ்டனுக்கு விற்றார், கியூபாவுக்கு விற்றார். ஒரு தடவை மதராஸ் வரை போன கப்பலில் அவர் ஐஸ் இருந்தது. பாதி போய்ச் சேர்ந்தது. அந்த உருகின பாதியைப் பற்றித்தான் சாகும்வரை பேசினார்.

முதலில் வேலித் தகராறு தீர்ப்பவர், பிறகு சாலை மேற்பார்வை, பிறகு மூன்று நிர்வாகிகளில் முதலாமவர். வருஷா வருஷம் ஊர் அவரைத் தேர்ந்தெடுக்கும். வருஷா வருஷம் அவரை நம்பாது. வளைந்த ஆணியை நிமிர்த்தித் திரும்ப அடிக்கிற மனுஷன். சர்ச்சுக் கூரை எரிந்தபோது மரம் கொடுத்தார். அந்த மரம் ஈரம் காயாதது, விலைபோகாதது என்று பிறகு தெரிந்தது. விஷக் காய்ச்சல் வந்த கோடையில் நோயாளி வீடுகளுக்கு இலவசமாக ஐஸ் அனுப்பினார். அது நாணல் ஓரத்து ஐஸ், எந்தக் கப்பலும் எடுக்காது. ஒவ்வொரு நல்ல காரியத்தையும் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் இப்படி ஏதாவது இருக்கும். ஜோதம் சிறு வயதிலிருந்தே திருப்பிப் பார்க்கப் பழகியிருந்தான்.

ஒவ்வொரு மார்ச்சிலும் ஆசகேல் ஒரு தீர்மானம் கொண்டுவருவார். ஏலத்தை நிறுத்திவிட்டு டன்மோர் போல ஒரு ஏழைப் பண்ணை வைக்கலாம். தன் மேட்டு நிலத்தை ஊர் வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மார்ச்சிலும் ஊர் சிரித்துத் தோற்கடிக்கும். கல்லும் முள்ளுமான நிலத்தை நம்ம தலையில கட்டப் பாக்கறான் என்பார்கள். அந்த நிலத்தில் கல்லும் முள்ளும் இருந்தது உண்மைதான்.

வோஸ் வந்த மறுநாள் வெயில் அடித்தது. ஜோதம் தன் கருவியைக் குன்றுக் கல்லின் மேல் நிறுத்தி, தொலைநோக்கியை ஆற்றுக் கல்லின் மேல் திருப்பிப் பூட்டினான். நடுவே வெட்டின மரங்களின் அடிக்கட்டைகள், பனி. நடுக் கல் கோட்டிலிருந்து நன்றாக மேற்கே விலகி நின்றது. ஏதோ வண்டி இடித்ததால் வந்த சின்ன விலகல் இல்லை. கோட்டுக்கும் கல்லுக்கும் இடையில் கெசையாவின் குடிசை முழுதாக இருந்தது.

ஹைரம் மண்வெட்டியுடன் கூடவே வந்திருந்தார். கோடு குடிசையைத் தாண்டிப் போகும் இடத்தைக் காட்டி, பனியை வாரச் சொன்னான். கீழே சுற்றியுள்ள மண்ணைவிடத் தாழ்ந்த ஒரு பள்ளம், அதில் போட்டு மூடிய சிறு கற்கள். பிறகு நடுக் கல்லுக்குப் போய் அதன் தோளைத் துடைத்தான். இரண்டு பக்கமும் இரும்புப் பல் கடித்த தழும்பு. ஐஸ் பாளம் தூக்கும் இடுக்கியின் பல். அப்பாவின் இடுக்கிகளில் பல் மற்றவர்களுடையதைவிட அகலமாக இருக்கும். அவரே பட்டறையில் நின்று அடிக்கச் சொன்ன அளவு.

"ஹைரம், நீங்க இருந்தீங்களா?"

ஹைரம் மண்வெட்டியில் ஒட்டின பனியைத் தட்டினார். "அவரு நிறுத்தச் சொன்ன இடத்துல மாட்டை நிறுத்தினேன். மாடு ஏன்னு கேட்கலை. நானும் கேட்கலை."

"யோசிக்கக்கூட இல்லையா?"

"உங்க அப்பாகிட்ட வேலை பார்த்தா யோசிக்கறதுக்குத் தனியா கூலி கிடையாது."

அப்பா செய்தார் என்பது முடிந்துவிட்டது. ஏன் என்பது பாக்கி. அன்று சாயங்காலமே ஜோதம் டன்மோர் ஏழைப் பண்ணைக்கு வண்டி கட்டினான்.

பண்ணை வீட்டின் சமையலறையில் பெரிய அடுப்பு எரிந்தது. கெசையா மெரோ காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு பழந்துணிகளைப் பின்னிக் கம்பளம் செய்துகொண்டிருந்தாள். பேர் சொன்னதும் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூக்கு அவன் மூக்குதான். உக்காரு. ஆப்பிள் பலகாரம் இருக்கு, கேட்டா தருவாங்க."

"கெசையா அத்தை, உங்க வீட்டுப் பக்கத்துல கல்லை எங்க அப்பா நகர்த்தினாரா?"

"நகர்த்தாம? சத்தம் போட்டா மாடு மிரளும்னு என்னை ஜன்னலைச் சாத்தச் சொன்னான்."

அவள் பின்னலை நிறுத்தாமல் மீதியைச் சொன்னாள். கோடை முடிவில் ஒரு நாள் ஆசகேல் அவள் வாசலில் வந்து நின்றானாம். உள்ளே வரவில்லை. டீக்கன் செத்த பிறகுகூட லன்ட் குடும்பத்துக் கூரைக்குக் கீழே அவன் நுழைந்ததில்லை. கோல்பர்னில் மார்ச் மாதம் உன்னை மேடையில ஏத்தி ஏலம் விடுவாங்க, டன்மோர்ல அடுப்பு இருக்கு, எது வேணும் என்று கேட்டானாம்.

"அதுக்கு நான், உனக்கு இதுல என்னடா லாபம்னு கேட்டேன். எங்க வீட்டுல அவன் என்ன சாப்பிட்டான்னு எனக்குத் தெரியும். எங்க படுத்தான்னும் தெரியும். அவன் எனக்கு நல்லது நினைக்க ஒரு காரணமும் கிடையாது."

"என்ன சொன்னாரு?"

"வரி மிச்சம்னான்."

ஜோதம் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "அது நிஜம்னு நினைக்கறீங்களா?"

"பொய்யும் இல்லை. மிச்சம்தானே ஆச்சு." ஒரு துணியைப் பல்லால் கிழித்தாள். "வேற ஏதாவது சொல்லியிருந்தா நான் அவனை நம்பியிருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும்."

அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் வரி மிச்சம் என்ற அந்த இரண்டு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதல் தடவையாகப் பின்பக்கம் எது, முன்பக்கம் எது என்று புரியவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் லூதர் பிக்ஃபோர்ட் வந்தார். ஊர்க் கடைக்காரர், இரண்டாம் நிர்வாகி. ஆசகேல் போன பிறகு முதல் நாற்காலியில் கண் வைத்திருந்தவர். நடுக் கல்லில் அவர் கொத்திய எழுத்தும் இருந்தது. ஈரப் பூட்ஸோடு அடுப்பருகே உட்கார்ந்து வெகுநேரம் ஆசகேலைப் புகழ்ந்தார். புகழ்ச்சி நீள நீள ஜோதம் விஷயத்துக்காகக் காத்திருந்தான்.

அந்தக் காட்டுப் பாறையில் இரும்பு உண்டு, காந்த முள்ளைத் திருப்பிவிடும், திட்டமாகச் சொல்ல முடியவில்லை என்று நாளைக்குச் சொன்னால் போதும் என்றார்.

"நான் முள்ளை வச்சுப் பார்க்கலை, மிஸ்டர் பிக்ஃபோர்ட். தொலைநோக்கியில பார்த்தேன்."

"தொலைநோக்கியும் குளிர்ல மங்கும்." பூட்ஸைத் தேய்த்துக்கொண்டார். "வோஸ் வேற ஆளைக் கூட்டிட்டு வரட்டும். கோர்ட்டு, வாய்தான்னு போறதுக்குள்ள கெசையா அத்தை காலம் முடிஞ்சிடும். உங்க அப்பா பேரு நிக்கும். ஊருக்கும் செலவில்லை. அவளுக்கும் அங்க சூடான அடுப்பு. இதுல யாருக்கு நஷ்டம்னு சொல்லுங்க பார்ப்போம்."

ஜோதம் யோசித்துப் பார்த்தான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பொய் சொன்னால் எல்லோருக்கும் நல்லது. உண்மை சொன்னால் அப்பாவின் பேர் போகும், கெசையா ஏலத்துக்கு வருவாள். மேலும், மறுநாள் கூட்டத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது: முதல் நிர்வாகியைப் புதைக்கும் நாளில் ஊர் மணி அடிக்கலாமா என்பது. ஊர்க் கடமை செய்தவர்களுக்கு மட்டும் அடிக்கிற மணி.

அப்பாவைவிட அவன் யோக்கியன் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஆனால் அவன் வாழ்நாளில் போட்டதெல்லாம் கோடு. ஒரு கோட்டைத் தெரிந்தே தப்பாகச் சொன்னால், இதுவரை போட்ட எல்லாவற்றின் மேலும் தானே சந்தேகப்பட வேண்டிவரும். லூதரிடம் இதைச் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றான். லூதர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

ஊர்க்கூட்டம் வழக்கம்போலப் பன்றிக் காவலர் தேர்தலில் தொடங்கியது. அந்த வருஷம் புதுசாகக் கல்யாணம் ஆனவனைத்தான் அந்த வேலைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். ஓடுகிற பன்றியைப் பிடிக்கப் பழகினால் குடும்பத்துக்கு ஆகும் என்று கிண்டல். மாப்பிள்ளை சிவந்த முகத்தோடு எழுந்து நின்றான். ஊரே சிரித்தது. பெண்களின் பெஞ்சில், வோஸ் தன் வண்டியிலேயே கொண்டுவந்து உட்கார வைத்த கெசையா மட்டும் சிரிக்கவில்லை. ஏன் கொண்டுவந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். இறக்கிவிட்டுப் போகத்தான்.

எல்லை விஷயம் வந்தது. ஜோதம் எழுந்தான்.

"நடுக் கல் கோட்டில் இல்லை. பழைய குழி கெசையா மெரோ வீட்டுக்குக் கிழக்கே இருக்கு. அவங்க கோல்பர்ன். கல்லை நகர்த்தினது என் அப்பா. அவர் இடுக்கியோட தழும்பு அதுல இருக்கு."

லூதர் கூரையைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவர் ஏன் நகர்த்தினார் என்று கேட்டார். கெசையா சொன்னதைச் சொல்லலாமா என்று ஜோதம் பெண்களின் பெஞ்சைப் பார்த்தான். அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றான். அது உண்மை.

மணி விஷயத்துக்குச் சபை பிரிந்தது. அடிக்கலாம் என்பவர்கள் வலது சுவர் ஓரம், கூடாது என்பவர்கள் இடது. பெஞ்சுகள் தரையில் தேய்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. வலப்பக்கம் ஹைரமும், பழைய ஐஸ் ஆட்கள் சிலரும். இடப்பக்கம் நெரிசலில் சிலர் ஜன்னல் கட்டையில் உட்கார வேண்டியிருந்தது. எண்ணத் தேவைப்படவில்லை. ஜோதம் வேற்றூர்க்காரன் கணக்கு; அவனுக்கு எந்தச் சுவரும் இல்லை. நடுவில் தனியாக நின்றான்.

அடுத்து ஏலம். கெசையா மெரோ, ஒரு வருஷம், சாப்பாடு, துணி, படுக்கை. குறைச்சலாகக் கேட்பது யார் என்று கூட்டத் தலைவர் கூவினார். ஒருவர் கேட்டார், இன்னொருவர் அதற்கும் கீழே கேட்டார். ஒரு விவசாயி, நின்று பாத்திரம் கழுவுவாளா என்று விசாரித்தார்.

"நின்னு கழுவ மாட்டேன். உக்காந்து திட்டுவேன்," என்றாள் கெசையா. சிரிப்பு எழுந்தது. அந்த விவசாயி விலகிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்," என்றான் ஜோதம்.

தலைவருக்கு விளங்கவில்லை. ஊர் நிதியிலிருந்து ஒரு காசும் வேண்டாம், நான் வைத்துக்கொள்கிறேன் என்று ஜோதம் திரும்பச் சொன்னான். ஊரில் குடியில்லாதவர் கேட்க முடியாதே என்று லூதர் ஆட்சேபித்தார்.

"இங்கதான் இருக்கப் போறேன்." சொன்ன பிறகுதான் அது முடிவாகிவிட்டது அவனுக்கே தெரிந்தது. மேற்கே ரயில் பாதை அவன் இல்லாமல் போய்ச் சேரும்.

சுத்தியல் விழுந்தது. உடனே முணுமுணுப்பு தொடங்கியது, அவன் காதில் விழுகிற அளவுக்கு. பெரிய வீடு, பொம்பளை இல்லை, சமைக்கச் சம்பளம் இல்லாம ஒருத்தி கிடைச்சா. இல்லைப்பா, அடுத்த வருஷம் அந்த மேட்டு நிலத்தை நம்மகிட்ட விக்கப் பாப்பான், பாரு. அப்பன் கல்லை நகர்த்தினான், இவன் என்ன நகர்த்தப் போறானோ. ஜோதம் தொப்பியை எடுத்துக்கொண்டு கெசையாவுக்குக் கை கொடுத்தான். அவளும் அவனை அதே சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

மே மாதம் மண் இளகியது. காலையில் பெட்டியை வெளியே எடுத்தார்கள். மணி அடிக்கவில்லை. பாதிரியார், ஹைரம், வலப்பக்கச் சுவர் ஆட்கள், அவ்வளவுதான். கெசையா கம்பை ஊன்றிக்கொண்டு குழி ஓரத்தில் வந்து நின்றாள். வரச்சொல்லி ஜோதம் கேட்கவில்லை. இரண்டு மாதமாக அவன் வீட்டில் அடுப்பங்கரைப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு அவன் காப்பியையும் நடையையும் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹைரம் கயிற்றை எடுத்தார். அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது போதாது. இன்னும் ஆழமா வெட்டு," என்றாள். "இல்லன்னா இவன் எழுந்து வந்து தலைமாட்டுக் கல்லை நகர்த்திடுவான்."

பாதிரியார் புத்தகத்தை மூடிக்கொண்டார். ஹைரம் அசையவில்லை. ஜோதமுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எந்த இடத்தில் அது வேறு சத்தமாக மாறியது என்று அவனுக்குத் தெரியாது. கெசையா கம்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அவன் கோட்டுக் காலரைப் பிடித்தாள். ஹைரம் அது முடியும் வரை கயிற்றை இறுக்கிப் பிடித்துக் காத்திருந்தார். பிறகு இறக்கினார்கள்.